மஞ்சள் படக்கூடாது

ஆம்பூர்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை பூர்ணிமா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் பரணிதரன் மாமாவும் உன் மாமியாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இங்கே பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அங்கே உன் மாமியார் போடச் சொல்கிறார். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்பதைத் தவிர என்ன பேச முடிகிறது? அதனால்தான் நீ வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளியின் முகவரிக்கு எழுதுகிறேன். பதிலை லுப்னா வீட்டு முகவரிக்கு அனுப்பு. என் வகுப்பு லுப்னாதான், உனக்குத் தெரியும். அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு.

போன வாரம் அம்மா என்னை விஜயகுமாரி ஆன்ட்டியின் பார்லருக்கு அழைத்துப்போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மேல் மாடி. உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ லைட் வைத்துக்கொண்ட அதே இடம், அதே மிஷின். என் தாடையிலும் மேலுதட்டிலும் இருக்கும் முடியை எடுப்பதற்குத்தான். பஸ்ஸில் பையன்கள் "மீசைக்காரி" என்று கூப்பிடுவதை நானேதான் ஒரு நாள் அழுதுகொண்டு வந்து சொன்னேன். அதனால் அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

"ரப்பர் பேண்டால சுண்டின மாதிரி இருக்கும், அவ்ளோதான்" என்றார் விஜயகுமாரி ஆன்ட்டி. கறுப்புக் கண்ணாடி மாட்டி, தாடையில் சில்லென்று எதையோ தடவி, மிஷினின் மூக்கை வைத்து அழுத்தினார். கண்ணை இறுக்க மூடியிருந்தேன். ஆனாலும் இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. சுண்டின மாதிரி இல்லை அக்கா, சூடு வைத்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு கருகல் வாசனை. அது என் முடிதான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்டால்கூட வெளியே போய் நிற்கிறவள் அவள். ஆறுதலுக்குப் பிடித்தாளா, நான் எழுந்துவிடாமல் இருக்கப் பிடித்தாளா என்று தெரியவில்லை. படி இறங்கும்போது, "யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றாள். முடி எடுப்பதில் மறைக்க என்ன இருக்கிறது?

உனக்கு எப்படி இருந்தது? பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? நான் தொடரட்டுமா, நிறுத்திவிடட்டுமா? ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். நீ சொல்கிறபடி செய்வேன்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்லாதே. சொன்னால் கடிதம் வந்தது தெரிந்துவிடும்.

பூர்ணிமா

*

காவேரிப்பாக்கம்
4 செப்டம்பர் 2024

அன்பு பூர்ணிக்கு,

இங்கு சுகம். உன் கடிதம் கிடைத்தது. பள்ளி முகவரிக்கே எழுது. வீட்டுக்கு ஒருபோதும் அனுப்பாதே.

எனக்கு நன்றாகத்தான் ஆயிற்று. வலி அன்றைக்கு இருக்கும், மறுநாள் போய்விடும். பாதியில் நிறுத்தாதே. நிறுத்தினால் முன்பைவிடக் கெட்டியாக வளரும். அம்மா சொல்கிறபடி கேள்.

அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? கம்பெனியில் இரண்டு ஷிப்ட் பார்க்க வேண்டாம் என்று சொல். ஏரியில் தண்ணீர் வரத் தொடங்கியிருக்கிறது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலிலிருந்து இறங்க மறுக்கிறார்கள்.

இன்னொன்று. அம்மாவின் பீரோவில், புடவைகளுக்கு அடியில், பழுப்பு நிற மூடி போட்ட ஒரு மருந்து ட்யூப் இருக்கும். என் கல்யாணத்தின்போது வாங்கியது. அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து, யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்பு. அவசரம் ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகப் படி.

உன் அக்கா
பாரதி

*

ஆம்பூர்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அப்பாவின் இருமல் பகலில் கம்மி, இரவில் ஜாஸ்தி. போனில் சொன்னாயே, உன் தலைவலி இப்போது பரவாயில்லையா?

நீ சொன்னபடி இரண்டாவது தடவையும் போனேன். இந்த முறை சூட்டைக் கூட்டினார்கள். தாடை முழுவதும் சின்னச் சின்னச் சதுரமாகச் சிவந்து இரண்டு நாள் இருந்தது. பிறகு போய்விட்டது. முடியும் கொஞ்சம் உதிர்ந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் நிமிர்ந்து நின்றேன்.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. சின்ன விஷயம். உனக்குச் சொன்னால்தான் என் பயம் தணியும்.

நீயும் நானும் ஒரு முறை அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தோல் கம்பெனிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அப்பா செலக்‌ஷன் மேஜையில் நின்று ஒவ்வொரு தோலாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, கட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்து, உண்ணிக் கடி, முள் கீறல், சூட்டுக்கோல் தழும்பு எல்லாம் பார்த்து, இது ஒண்ணாம் ரகம், இது மூணாம் ரகம் என்று தள்ளிக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும், "பூர்ணி, இப்டி வா" என்றார். ஜன்னல் பக்கம் என்னை நிறுத்தினார். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டை விரலால் கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் அதே இழுப்பு.

"கிரெய்ன் நல்லா வருது" என்றார் அம்மாவைப் பார்த்து. தோலின் மேல்பரப்பைக் கம்பெனியில் அப்படித்தான் சொல்வார்கள்.

"இன்னா, உங்க கம்பெனித் தோலா அது?" என்று அம்மா சிரித்தாள்.

"ஒண்ணாம் ரகத்துக்கு வந்துடும். கீழ மட்டும் கொஞ்சம் பாக்கி" என்று அப்பாவும் சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு போய்ப் படுத்துக்கொண்டேன்.

இப்போது அம்மா எனக்குக் குடை வாங்கித் தந்திருக்கிறாள். பள்ளி விளையாட்டு வகுப்புக்கு வேண்டாம் என்று டீச்சருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். லைட் வைத்த முகத்தில் வெயில் படக்கூடாதாம். பஸ்ஸில் கேலி செய்யாமல் இருக்க இவ்வளவு வேண்டுமா அக்கா?

ட்யூப் கிடைத்தது. தீக்காயத்துக்கு என்று போட்டிருக்கிறது. அடுப்பில் சுட்டுக்கொண்டாயா? லுப்னாவின் பெரியம்மா வீடு காவேரிப்பாக்கத்தில்தான் இருக்கிறது. காலாண்டு லீவுக்கு அவள் அங்கே போகிறாள். லீவிலும் டீச்சர்கள் வருவீர்கள் என்பதால், இதையும் ட்யூபையும் அவளே பள்ளியில் வந்து தருவாள்.

தீபாவளிக்கு நீ வருவாய்தானே?

பூர்ணிமா

*

ஆம்பூர்
14 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நான் கொஞ்சம் குறைவாகத் தூங்குகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

லுப்னா ஊரிலிருந்து வந்துவிட்டாள். நீ பதில் ஏதும் கொடுத்தனுப்பவில்லை. "எங்கடி பதில்?" என்று கேட்டேன். முதலில் ஏதேதோ பேசினாள். பெரியம்மா வீட்டு ஆடு, ஏரிக்கரை, புது சுடிதார் என்று. பிறகு பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகு சொன்னாள்.

"ஏய் தோஸ்த், நீ கோச்சிக்கக் கூடாது. உங்க அக்கா முந்தானைய தாடைய சுத்திப் போட்டுனு வந்தாங்க. நம்ம ஊட்ல பெரியவங்க துப்பட்டா போடற மாதிரி. அந்த வெயில்ல. நான் வெளாட்டுக்கு, 'இன்னாக்கா, எங்க ஜமாத்துல சேந்துட்டீங்களா?'ன்னேன். சிரிச்சாங்க. சிரிக்கும்போது முந்தானை நழுவிச்சு."

"அப்புறம்?"

"வாய்க்குக் கீழ வெள்ளையா திட்டு திட்டா இருக்கு. சுத்திக் கறுப்பு. அந்தக் கறுப்புல முடி. மழிச்சு மழிச்சு வளந்த முடி மாதிரி. நான் பாத்தத அவங்களும் பாத்துட்டாங்க. ட்யூப வாங்கினு, 'பூர்ணிகிட்ட சொல்லாத'ன்னு சொன்னாங்க. நான் சரின்னு தலையாட்னேன். ஆனா நீ நாளைக்குப் போய் அந்த மிஷின்ல படுக்கப்போறியே, எப்டி சொல்லாம இருக்கறது?"

எனக்கு நன்றாகத்தான் ஆயிற்று என்று எழுதினாய். உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறாய்.

இரண்டு வருடமாக நீ பொங்கலுக்கு வரவில்லை, வீடியோவில் பேசினால் மின்விசிறியைக் காட்டுகிறாய். நான் இதையெல்லாம் சேர்த்து நினைத்துப் பார்க்கவே இல்லை.

உன் முகத்துக்கு என்ன ஆயிற்று?

பூர்ணிமா

*

காவேரிப்பாக்கம்
5 நவம்பர் 2024

அன்பு பூர்ணிக்கு,

அனைவரும் நலம். தீபாவளிக்கு வர முடியவில்லை. இங்கே வேலை அதிகம். அம்மா அனுப்பிய புடவை வந்தது. நிறம் நன்றாக இருக்கிறது.

லுப்னா சின்னப் பெண். வெயிலில் நடந்து வந்தவள், கண் கூசியிருக்கும். அவளிடம் இதைப் பற்றி மேலும் பேசாதே.

அத்தை உன்னைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார். உன் உயரம் கேட்டார். எனக்கு உத்தேசமாகத்தான் தெரிந்தது, சொன்னேன். முகத்தில் பரு உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

மழையில் நனையாதே. பரீட்சைக்குப் படி. கல்லூரிக்கு எந்தப் பாடம் எடுக்கலாம் என்று யோசித்தாயா?

பாரதி

*

ஆம்பூர்
16 டிசம்பர் 2024

அக்கா,

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குறை ஒன்றுமில்லை. நானும் இருக்கிறேன்.

நேற்று நான்காவது தடவை. முடிந்ததும் விஜயகுமாரி ஆன்ட்டி என் முகத்தைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் பேசினார். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. நான் இருப்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"கடைசி சிட்டிங்க சித்திரையில வெச்சுக்கலாங்க. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு வாரம் மூஞ்சில மஞ்சள் படக்கூடாது. நலங்கு அதுக்கப்புறமா வைங்க. பெரியவளுக்குப் பண்ண மாதிரி பண்ணாதீங்க."

"ஐயோ, அத ஏன் இப்ப" என்றாள் அம்மா.

"சொல்லணும் இல்லங்க. லைட் வெச்ச மூணாம் நாளு பந்தக்கால் நட்டு, வாசல்ல மணையில ஒக்கார வெச்சு, ஆளாளுக்கு மஞ்சளத் தேச்சு, உச்சி வெயில்ல அவ்ளோ நேரமா? தோலு அப்டியே பொத்துப்போச்சு. அதுமேல மேக்கப்ப நான்தான் அப்புனேன். தாலி கட்டற வரைக்கும் அந்தப் பொண்ணு வாயத் தொறக்கல."

அக்கா, அந்த நலங்கில் நான் இருந்தேன். நானும் உன் தாடையில் மஞ்சள் தேய்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். வெட்கப்படுகிறாய் என்று எல்லோரும் கேலி செய்தோம்.

படி இறங்கும்போது, "யாருக்கு நலங்கு?" என்று கேட்டேன்.

"ஊர்ல ஆயிரம் கல்யாணம் நடக்குது. பேஜார் பண்ணாத, வா."

இரவில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன்.

"சித்திரைல அவளுக்குப் பதினெட்டு முடியுது. வைகாசில சின்னவருக்குக் குடுத்துட்டா அந்த ஊட்ல பெரியவள ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அவள அவங்க இன்னும் வெச்சினு இருக்கறதே இத நம்பித்தான்."

"படிக்கணும்னு சொல்றாளே" என்றார் அப்பா.

"அக்கா திரும்பி வந்து நின்னா, இவ படிச்சு இன்னா ஆவப்போவுது?"

அப்பா இருமினார்.

சின்னவர் என்றால் உன் கொழுந்தன் செல்வகுமார்தானே? உன் கல்யாணத்தில் என்னைப் பார்த்து, "நீ பாரதியோட தங்கச்சியா, நம்பவே முடியல" என்றாரே, அவர்தானே? உனக்கு இது தெரியுமா? எவ்வளவு நாளாகத் தெரியும்? நான் தொடரட்டுமா, நிறுத்தட்டுமா என்று கேட்டபோது தெரிந்துதான் பதில் எழுதினாயா?

உன் பதிலுக்கு லுப்னா வீட்டில் தினமும் போய் நிற்கிறேன். அவள் அம்மாவுக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

பூர்ணிமா

*

காவேரிப்பாக்கம்
2 ஜனவரி 2025

பூர்ணி,

நலம் விசாரித்து எழுத எனக்கு இன்று முகமில்லை.

தெரியும். ஆடி மாதத்திலிருந்து தெரியும்.

கல்யாணமான மறுவாரம் மேக்கப்பைக் கழுவிய முகத்தை அத்தை பார்த்தார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. லைட் நின்றதும் முடி திரும்ப வந்தது. தொடர்ந்து வைத்தால் நிற்கும் என்று அம்மா சொன்னாள். வெந்த முகத்தில் மறுபடியும் எப்படி வைப்பது? விடிவதற்கு முன்னால் எழுந்து, குழாயைத் திறந்துவிட்டு, மழித்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி இருக்கிறார்கள். உன் மாமா நல்லவர். கை ஓங்கியதில்லை. சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார், அவ்வளவுதான்.

ஆடியில் அத்தை அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க பெரிய பொண்ணு டேமேஜு. மறைச்சுக் குடுத்துட்டீங்க. சின்னதையாவது நல்லதா குடுங்க. இல்லன்னா ரெண்டு பேரையும் உங்க ஊட்லயே வெச்சுக்குங்க." அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஃபஸ்ட் குவாலிட்டியா தர்றேம்மா" என்றார். நான் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன்.

தொடரவா நிறுத்தவா என்று கேட்கிறாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொடர் என்றால் எனக்காகச் சொன்னதாகிவிடும். நிறுத்து என்றால் நான் எங்கே போவேன் என்று தெரியவில்லை.

இதைக் கிழித்துவிடு.

பாரதி

*

ஆம்பூர்
20 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நன்றாகப் போயிற்று. உன் பங்குக் கரும்பை லுப்னா தின்றாள். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு நாள் இருந்தது, பிறகு போய்விட்டது.

எனக்கு ஒரு வழி தோன்றியது. பிசிக்ஸ் எடுக்கும் சாமிநாதன் சாரிடம் பொதுவாகக் கேட்பதுபோல, முடி எடுக்கும் லைட் முடியை மட்டும் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டேன். "அது கறுப்பத் தேடிப் போற வெளிச்சம்மா. கறுப்புதான் அத உறிஞ்சி சூடாகும். முடி கறுப்பா, தோலு கறுப்பா, அதுக்கு இன்னா தெரியும்? வெளிச்சத்துக்குக் கண்ணு கிடையாது" என்றார். விஜயகுமாரி ஆன்ட்டியின் பார்லரிலும் வெயிலில் கறுத்தவர்களுக்கு லைட் வைக்கமாட்டோம் என்று ஒரு போர்டு மாட்டியிருக்கிறது.

அதனால் அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் மைதானத்தில் போய் நிற்கிறேன். குடையை லுப்னாவிடம் கொடுத்துவிட்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு. "சோலார் பேனல் மாதிரி நிக்கிற, ஃபேன் போட்டுக்கட்டுமா?" என்கிறாள் அவள். மூக்கும் தாடையும் நன்றாகக் கறுத்துவிட்டன.

நேற்று ஐந்தாவது தடவைக்குப் போனோம். ஆன்ட்டி பார்த்ததுமே, "இன்னாம்மா, சூளையில வேல பாக்கறாளா? இந்த மூஞ்சிக்கு இப்ப லைட் வெக்க முடியாதுங்க. கலர் எறங்கட்டும், பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். படியில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நான் நினைத்தது ஒன்று நடந்தது. கலர் இறங்கினால் மறுபடியும் நிற்பேன். நிறுத்தவும் இல்லை, தொடரவும் இல்லை. அதற்குள் பரீட்சை வந்துவிடும், எவ்வளவோ மாறலாம்.

அம்மா அடிக்கவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து யாருக்கோ போன் செய்தாள். தை முடிவதற்குள் உன் வீட்டார் தட்டு மாற்ற வருகிறார்களாம். பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. இன்று சாயங்காலம் கடையிலிருந்து ஒரு ப்ளீச் டப்பா வாங்கி வந்தாள். இப்போது என் முகத்தில் பூசியிருக்கிறாள். மூக்கெல்லாம் நெடி. எரிகிறது. "ஒரு வாரம் போட்டா வெள்ளையாய்டும். வர்ற ஞாயித்துக்கெழம மறுபடியும் போறோம்" என்றாள்.

மறுபடியும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் இல்லையா, அக்கா?

பூர்ணிமா

*

காவேரிப்பாக்கம்
24 ஜனவரி 2025

பூர்ணி,

போகாதே. உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. ப்ளீச் மேலே தெரிவதைத்தான் வெளுக்கும். உள்ளே நீ வெயிலில் ஏற்றிக்கொண்ட கறுப்பு அப்படியே இருக்கும். அந்தம்மா பார்த்துவிட்டு நிறம் இறங்கிவிட்டது என்று நினைத்து லைட்டை வைப்பாள். ரணமான தோல் வேறு. என்னுடையதைவிட மோசமாக ஆகும்.

பள்ளி போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். "ப்ளீச்சு போட்ட மூஞ்சில லைட் வெக்காதம்மா, நான் பட்டது போதாதா?" என்றேன். "உன்னாலதாண்டி இவ்ளோவும்" என்று வைத்துவிட்டாள். மறுபடியும் கூப்பிட்டால் எடுக்கவில்லை. லுப்னா வீட்டு நம்பரை நான் வாங்கி வைக்கவில்லை.

வயிற்று வலி என்று சொல். கதவைச் சாத்திக்கொள். கத்து. தெருவே கூடட்டும். எதையாவது செய். நிறுத்து. நான் சொல்கிறேன், நிறுத்து.

பாரதி

*

ஆம்பூர்
31 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சனிக்கிழமை தபால்காரர் வந்தபோது லுப்னா வீடு பூட்டியிருந்ததாம். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கவரை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். அம்மா என் முகத்தில் பவுடர் போட்டு அழைத்துப்போனாள். "கலர் எறங்கிடுச்சு பாருங்க" என்றாள். ஆன்ட்டி ஜன்னல் பக்கம் என்னைத் திருப்பவே இல்லை. வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். முதல் வெளிச்சத்திலேயே கத்தினேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை எதற்குப் பிடித்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. தாடையின் இரண்டு பக்கமும், மேலுதட்டிலும் வைத்த பிறகுதான் ஆன்ட்டி மிஷினைக் கீழே வைத்தார். ஐஸ் வைத்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் கொப்புளம் எழும்பிவிட்டது. மிஷின் மூக்கின் வடிவத்தில், வரிசையாக, சதுரம் சதுரமாக.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதேன். "அங்க போனா யார் வெச்சது, எதுக்கு வெச்சதுன்னு ஆயிரம் கேப்பாங்க" என்றாள் அம்மா. அவளும் அழுதாள். ஆன்ட்டி போனில், "பயப்படாதீங்க, ஆறுனதும் கறுப்பு விழும். அந்தக் கறுப்ப எடுக்க வேற லைட் இருக்கு. நாலு சிட்டிங்ல சரியாய்டும்" என்று சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்ப வரட்டும்?" என்று கேட்டாள்.

அப்பா வந்து ஜன்னல் பக்கம் என்னை நிறுத்தினார். தாடையைத் திருப்பினார். கட்டை விரலை வைக்கவில்லை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கம்பெனியில் மூன்றாம் ரகத்தைத் தள்ளிவிட்ட பிறகு அப்படித்தான் துடைத்துக்கொள்வார், நீ பார்த்திருக்கிறாய்.

ஒன்பதாம் தேதி அவர்கள் வருவதில் மாற்றம் இல்லை. அறையில் ட்யூப் லைட்டைப் போடாமல், மஞ்சள் பல்பு மட்டும் வைத்து, நான் தலையைக் குனிந்து துப்பட்டாவைத் தாடை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு தட்டு எடுத்து வர வேண்டுமாம். வைகாசிக்குள் புது லைட்டில் சரியாகிவிடுமாம்.

தொடரட்டுமா, நிறுத்தட்டுமா என்று இனிமேல் உன்னைக் கேட்கமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பழுப்பு மூடி ட்யூப்பில் ஏதாவது மீதி இருந்தால் திருப்பி அனுப்புவாயா?

நீ நன்றாக இரு.

பூர்ணிமா

*

காவேரிப்பாக்கம்
5 பிப்ரவரி 2025

என் தங்கை பூர்ணிக்கு,

ட்யூப்பில் மீதி இல்லை. இருந்தாலும் அது போதாது. இது கிடைத்ததும் லுப்னாவின் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மாவிடம் கேட்காதே. டாக்டர் கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல். யார் வைத்தது, எதற்கு வைத்தது, எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். அத்தை, உன் மாமா, சின்னவர் எல்லோரும் ஒரே வண்டியில் வருகிறோம். முதலில் என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பெண்ணின் அக்கா வராமல் தட்டு மாற்றினால் நாலு பேர் கேட்பார்கள் என்றேன். சரி என்றார்கள்.

இரண்டு நாளாக நான் மழித்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். தாடையைச் சுற்றி முந்தானையோடு வீட்டுக்குள் நடக்கிறேன். பல்வலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டியிலும் அப்படியே உட்கார்ந்து வருவேன். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்ததும் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வேன். நீ துப்பட்டா போடாதே. தட்டு எடுக்காதே. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார், தோளோடு தோள் படும்படி. அத்தை, மாமா, சின்னவர், அம்மா, அப்பா ஐந்து பேரும் நம் இரண்டு முகத்தையும் ஒன்றாகப் பார்க்கட்டும். சின்னவர் என்னை இன்னும் ஒரு தரம்கூட நேராகப் பார்த்ததில்லை.

அதன் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வண்டி திரும்பும்போது அதில் எனக்கு இடம் இருக்காது என்று நினைக்கிறேன். என் துணிமணியை ஒரு பையில் வைத்து, வெற்றிலைத் தட்டுகளுக்கு அடியில் இப்போதே மறைத்துவிட்டேன். அப்பா வாசலில் நிற்கவிடாவிட்டால் எங்கே போவது என்று யோசிக்கவில்லை. யோசித்தால் வரமாட்டேன்.

பயமாக இருக்கிறது பூர்ணி. உனக்கும் இருக்கும். வேறு எதுவும் நீ செய்ய வேண்டாம். அறைக் கதவுக்குப் பக்கத்தில் ட்யூப் லைட்டின் சுவிட்ச் இருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்ததும் அதை மட்டும் போடு.

உன் அக்கா
பாரதி